உன் படகுக்கு உடம்பு சரியில்லை

பேரன்பு மிக்க மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அக்கா என்னைவிட நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் ஒரு குறைவும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். அப்படிப் பார்த்தால் நம் இரண்டு குடும்பத்திலும் நலமில்லாத ஒரே ஜீவன், இத்தனை வருடமாக என் கார் ஷெட்டில் குடியிருக்கும் உன் பாய்மரப் படகு மட்டும்தான்.

நேற்று நீ போனில் பேசியதைப் பற்றி உன் அக்காவிடம் கலந்து பேசிவிட்டு இதை எழுதுகிறேன். ஏரிக் கிளப்பில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பழக்க ஒரு பழைய படகு தேவை என்றாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை இழுவண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாய். அதற்கு முன்னால் படகின் கட்டுமானத்தில் தேய்மானம் உண்டா இல்லையா என்று கிளப் காரியதரிசி எழுத்தில் கேட்கிறார், தேய்மானம் இருந்தால் அவர்களுக்கு வேண்டாம், உங்க ஷெட்டிலேயே கிடக்கட்டும் என்றும் சொன்னாய். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் உன்னைத் திரும்பச் சொல்ல வைத்தது காது கேட்காமல் இல்லை, மாப்பிள்ளை. நீ முதன்முதலில் "ஒரு பார்வை பார்த்து வையுங்க அத்தான்" என்று சொன்ன நாளிலிருந்து, அதாவது நான் பல் மருத்துவமனையை மூடிவிட்டு வீட்டோடு உட்கார்ந்த புதிதிலிருந்து, இந்தப் படகை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆயுசு முழுக்க அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தேய்மானம் என்றால் என்ன என்று தெரியும். ஆகையால் நான் சொல்வதை நம்பு.

முதலில் படகைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. அடிப்பாகத்தைப் பார்க்காமல் வைத்தியம் செய்ய முடியாது. பக்கத்து வீட்டுக்காரர், அதுதான் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், உதவிக்கு வந்தார். வந்தவர் படகைத் தொடவில்லை. தள்ளி நின்றுகொண்டு, "வாங்க, வாங்க, அப்படியே லெஃப்ட்ல ஒடிங்க, இடம் கெடக்கு, பயப்படாம வாங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நானும் உன் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பி, கீழே போட்டிருந்த பழைய டயர்களின்மேல் இறக்கினோம். அவர் "நில்லு!" என்று கத்தியபோது படகின் விளிம்பு ஏற்கெனவே என் கால்கட்டை விரலின்மேல் நின்றுகொண்டிருந்தது. "நான் சரியாத்தான் சொன்னேன் டாக்டர், நீங்க பிரேக் போடல" என்றார். நகம் விழுந்து இப்போது புது நகம் வளர்ந்துவிட்டது, கவலைப்படாதே.

பிறகு கார் பானட்டின்மேல் என் பழைய எஃகுத் தட்டை வைத்து, வேலைக்கு வேண்டியதை ஒழுங்காக அடுக்கினேன். வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடி, குத்திப் பார்க்கிற கொக்கிக் கம்பி, டார்ச், கடைசியில் ஸ்பானர், அதன் வாய் வலப்பக்கம் பார்த்தபடி. கருவி அதனதன் இடத்தில் இல்லாவிட்டால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் உன் அக்கா கரண்டி வைத்த இடத்தை நான் மாற்றி மாற்றி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை அவளே உன்னிடம் சொல்லியிருப்பாள்.

படகின் மேல்தோலில் முடி முடியாக வெடிப்புகள் இருந்தன. இவை எல்லாமே ஆபத்தானவை என்று சொல்ல முடியாது. நீளமாகக் கோடு போட்டதுபோல் இருப்பவை வெறும் வயோதிகம், நம் முகத்தில் இருப்பதுபோல. ஆனால் ஒரு போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம்போல் வெடித்திருந்தால், அடியில் ஏதோ அசைகிறது, அசைந்து அசைந்து தோலைக் கிழிக்கிறது என்று அர்த்தம். பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கம்பிகளுக்காக விளிம்பில் ஒவ்வொரு தகடு இருக்கிறதல்லவா, இடப்பக்கத் தகட்டின் போல்ட்டைச் சுற்றி அப்படி ஒரு நட்சத்திரம் இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொள். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. கண்ணாடியின் கைப்பிடியால் தட்டினால் நல்ல இடம் "டக்" என்று சொல்லும், உள்ளே உளுத்த இடம் "தொம்" என்று சொல்லும். நான் மூக்கிலிருந்து ஆரம்பித்துத் தட்டிக்கொண்டே போனேன். டக், டக், டக். பக்கவாட்டுக்கு வந்ததும் தொம். இன்னும் கொஞ்சம் தள்ளி, தொம். அந்தப் பக்கம் முழுவதும் தொம். மறுபக்கம் ஓடிப்போய்த் தட்டினால் அங்கேயும் தொம். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுவதற்கென்று நான் வைத்திருந்த குரலில் உன் அக்காவைக் கூப்பிட்டு, "உள்ளே எதுவும் மிச்சம் இல்லை" என்றேன். அவள், "அடுப்புல பால் வெச்சிருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க" என்றாள். சொத்தை எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமே, டிரில்லை எடுத்து ஒரு துளை போட்டேன். டிரில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எல்லையைத் தேடி இன்னொரு துளை, இன்னும் ஒன்று. அப்போது டார்ச் உருண்டு படகுக்கு அடியில் போய்விட்டது. அதை எடுக்கக் குனிந்து நுழைந்த உன் அக்கா, அங்கிருந்தே, "ஏங்க, இங்க என்னமோ ஒட்டியிருக்கு, தலைகீழா இருக்கு, இருங்க படிக்கிறேன்" என்றாள். பிறகு நிதானமாக, எழுத்துக் கூட்டுகிற மாதிரி, "காற்றறை. படகு கவிழ்ந்தால் மிதக்க வைப்பது. துளையிடக் கூடாது" என்று படித்தாள். வெளியே வந்த பிறகும் அவள் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போன பிறகுதான் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பால் பொங்கி அடுப்பு அணைந்ததற்கும் நான்தான் காரணம் என்று முடிவானது.

போட்ட ஓட்டையை அப்படியே விட்டுவிடுகிறவனா உன் அத்தான்? மருத்துவமனையை மூடியபோது மிச்சமிருந்த பல் அடைக்கும் பசை ஒரு டப்பா நிறைய இருந்தது. ஒவ்வொரு துளையையும் சுத்தம் செய்து, காயவைத்து, பசையை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தேன். வேலை மும்முரத்தில் வழக்கம்போல, "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பிறகு சைக்கிள் பம்பால் காற்றடித்து, மேலே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். ஒரு குமிழி வரவில்லை. ஆனால் பல் நிறத்தில் அடைப்பு வைத்த படகைக் கிளப்பில் யாராவது மதிப்பார்களா என்று நீயே யோசி.

பிறகு, என் ஒருவன் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்று, உன் கிளப்பிலேயே படகுகளைப் பரிசோதிக்கிற அந்தப் பெரிய மனிதரையும் வரவழைத்தேன். ஈரத்தை அளக்கிற கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் நீங்கள் எல்லோரும் அவரை ஈரமானி என்று கூப்பிடுகிறீர்களாமே. வந்தார், கருவியைப் படகின்மேல் வைத்தார், அது கூவியது. எங்கே வைத்தாலும் கூவியது. "சார், இது படகு இல்ல, ஸ்பாஞ்ச். உள்ள பூரா தண்ணி ஊறிக் கெடக்கு. நாரும் பிசினும் பிரிஞ்சுபோச்சு. எழுதிக்கோங்க" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. அப்போது தேநீரோடு வந்த உன் அக்கா, "ஊறாம என்ன செய்யும்? பெரியவர் வீட்டுக்கு வர்றாரேன்னு காலைலதான் உள்ளயும் வெளியயும் ரெண்டு பக்கெட் ஊத்திக் கழுவினேன்" என்றாள். அவர் தேநீரைக் குடித்தார், பிஸ்கட்டைத் தின்றார், சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. "ஈரம்னா ஈரம்தான்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தனை அனுபவம் உள்ளவர் சொல்லியிருக்கிறார், காரியதரிசியிடம் இதையும் சொல்லிவிடு. கழுவிய விஷயத்தை விட்டுவிடு.

இனி தரை. பாய்மரத்தின் கால் ஊன்றுகிற இடத்தில்தான் எந்தப் பழைய படகும் முதலில் தளரும். இதை நிமிர்த்தி வைத்து, ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் அடியில் கையை வைத்து அசைவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உன் அக்கா உட்கார்ந்தாள், நான் டயர்களுக்கு நடுவே படுத்தேன். உண்மையாகவே அந்த இடம் மூச்சு விடுவதுபோல் லேசாக ஏறி இறங்கியது. அதை அறுத்து, உளுத்த கட்டையை எடுத்து, புதுக்கட்டை வைத்து, கண்ணாடி நாரும் பிசினும் பூசி மூடினேன். பிசின் இறுகிய பிறகு மறுபடியும் அவளை உட்காரச் சொன்னேன். ஒரு நாள் பார்த்தால் போதுமா, வெயிலில் ஒரு விதம், குளிரில் ஒரு விதம் இருக்குமே என்று தினமும் சாயங்காலம் உட்காரச் சொன்னேன். சும்மா உட்கார முடியவில்லை என்று அவள் ஒரு தலையணை கொண்டுவந்தாள். மறுநாள் தேநீர் வந்தது. அதற்கு மறுநாள், "அடியில படுத்துக்கிட்டு என்னத்தப் பாக்குறீங்க, மேல வாங்க, எடை கூடினாத்தானே தெரியும்" என்றாள். ஏறி எதிரே உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை, ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. வேலையை விட்டு வந்த பிறகு வீட்டில் எங்களுக்குள் பேச்சே இல்லாமல் போயிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. அவள் அந்த அறையில் தொலைக்காட்சி பார்ப்பாள், நான் இந்த அறையில் செய்தித்தாள் படிப்பேன், "சாப்பிடலாமா" என்பாள், "ம்" என்பேன், அவ்வளவுதான். ஆனால் உன் படகில் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும், பார்வையைத் திருப்ப இடமே கிடையாது, பேசித்தான் ஆக வேண்டும். பேசினோம். சின்ன வயதில் நீ ஓட்டக் கற்றுக்கொண்டபோது தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி அவள் கெஞ்சினதையும், "அக்கா ஏறினா படகு மூழ்கிடும்" என்று நீ சொன்னதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இப்போது சுக்கான் பிடி அவள் கையில்தான். ஷெட்டில் நின்றுகொண்டிருக்கிற படகில், பாயே இல்லாத பாய்மரத்தடியில், "காத்து மாறுது, குனிங்க!" என்பாள், நான் குனிவேன். பாயைத் தாங்கும் கட்டை தலைக்குமேல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் என்று கணக்கு. ஒரு நாள் ஏணி கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் நான் சேர்ந்தாற்போல் மூன்று தடவை குனிவதைப் பார்த்துவிட்டு, "டாக்டர், கழுத்துப் பிடிப்புக்கு என்கிட்ட நல்ல தைலம் இருக்கு" என்றார். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. சரி, இதெல்லாம் காரியதரிசிக்கு வேண்டாத விஷயம்.

அவருக்கு வேண்டிய விஷயம் அந்த இடப்பக்கத் தகடு. அதன் போல்ட்டை முதல் நாளே நன்றாக முறுக்கி இறுக்கினேன். அடுத்த வாரம் பார்த்தால் தளர்ந்திருந்தது. மறுபடியும் இறுக்கினேன், மறுபடியும் தளர்ந்தது. வாஷர் மாற்றினேன், நட்டு மாற்றினேன், அடியில் பெரிய பலகைத் துண்டு கொடுத்தேன். எதற்கும் மசியவில்லை. நான் இறுக்குவதும் அது தளர்வதுமாக மாதக்கணக்கில் நடக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. தெருவில் போகிற லாரிகளின் அதிர்வோ என்று உன் அக்காவிடம் கேட்டேன். "இருக்கும், இருக்கும், நேத்துகூட பெரிய லாரி ஒண்ணு போச்சு" என்றாள். பகல் சூட்டில் விரிந்து இரவுக் குளிரில் சுருங்குகிறதோ என்றேன். "அதுவும் இருக்கும்" என்றாள். அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவள் இல்லை, அதனால் விஷயம் உண்மையாகவே தீவிரம் என்று புரிந்துகொள்ளலாம். நின்ற இடத்திலேயே தளர்கிற படகு, காற்றும் அலையும் பிடித்து உலுக்கும்போது என்ன ஆகும்? உடம்பு முழுவதும் ஓய்ந்துபோய், எந்த இடத்திலும் பிடிமானம் இல்லாமல் அசைகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பல்லில் இந்த மாதிரி ஆட்டம் கண்டால் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

ஆகவே என் தொழில் அனுபவத்தை முன்வைத்துச் சொல்கிறேன்: படகு தண்ணீருக்கு லாயக்கில்லை. அதை அசைத்தாலே ஆபத்து. இழுவண்டியில் ஏற்றினால் தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டாகப் பிரிந்து போக்குவரத்துக்கு இடைஞ்சலாகும், பழி உன்மேல் விழும். ஞாயிற்றுக்கிழமை வீணாக அலையாதே, பிள்ளைகளோடு வீட்டில் இரு. காரியதரிசிக்கு என் வணக்கத்தைச் சொல்லி, வேறு படகு பார்க்கச் சொல். இந்தப் பாவப்பட்ட படகை நாங்கள் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுகிறோம்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். சின்னவளை இரவு பல் தேய்க்காமல் படுக்க விடாதே. எல்லோரும் நோய் நொடி இல்லாமல், எந்தப் பாகமும் தளராமல் நீடூழி வாழ்க.

என்றும் உன் நலம் நாடும்
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். இதைத் தபால்ல போடச் சொல்லி உங்க அத்தான் கொடுத்தார். கவரை ஒட்டாம கொடுத்தார், ஒட்டாம கொடுத்தா படிக்கலாம்னுதானே அர்த்தம். மேல இருக்கற எதையும் நம்பாதே. படகுக்கு ஒரு கேடும் இல்ல. ஒரே ஒரு இடம்தான் கெட்டிருந்தது, தரையில, அதை அவரே அறுத்து நல்லபடியா சரிபண்ணிட்டார், நான் மேல ஏறிக் குதிச்சும் பார்த்துட்டேன், கல்லு மாதிரி இருக்கு. அந்த போல்ட்டு தானாத் தளரலடா. நான்தான் அவர் மத்தியானம் தூங்கறப்போ போய்த் தளர்த்தி வெப்பேன். வேலை முடிஞ்சுதுன்னு அவர் சொல்லிட்டா மறுநாளே நீ வந்து படகைத் தூக்கிட்டுப் போயிடுவே, அப்புறம் நான் திரும்ப தொலைக்காட்சி முன்னாடிதான் உக்காரணும். இதை அவர்கிட்ட சொல்லிடாதே, அவ்வளவு நாள் லாரி எண்ணினவர், மனசு கஷ்டப்படும். ஞாயித்துக்கிழமை அவசியம் வா. இழுவண்டியும் கொண்டு வா, ஆனா கிளப்புக்கு இல்ல, ஏரிக்கு. உன் வீட்டுப் பரண்ல இந்தப் படகோட பாய் இருக்குமே, அதை மறக்காம எடுத்துட்டு வா. அக்கா ஏறினா மூழ்குதான்னு பார்த்துடலாம்.

பின்குறிப்புக்கும் ஒரு பின்குறிப்பு: மாப்பிள்ளை, உன் அக்கா கோந்து தேடப் போயிருக்கிறாள், அவசரமாக எழுதுகிறேன். போல்ட் விஷயம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஸ்பானரை எடுத்தால் அவள் அதன் வாயை இடப்பக்கமாகத் திருப்பித்தான் தட்டில் வைப்பாள். சொல்லியிருந்தால் போல்ட் தளர்வது நின்றுபோயிருக்கும், அதனால் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. பாயோடு மிதவைச் சட்டையும் இரண்டு கொண்டு வா. இப்போதுதான் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போல்ட் நன்றாக இறுகியிருக்கிறது. இந்த வாரம் நான் இன்னும் அதைத் தொடவே இல்லை. தட்டில் ஸ்பானரின் வாய் இடப்பக்கம் இருக்கிறது.